ஆனிங்கை காத்து தூக்காம இருக்க: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில 22 வருஷமா தார்ப்பாய் தைக்கிறேன். லாரி படுதா, கடை ஆனிங் (வெயில் மழைக்கு முன்னாடி விரிக்கற துணிப் பந்தல்), இப்போ கொஞ்ச நாளா டிபன் வேன், உள்ளேயே தங்கிக்கிட்டுப் போற கேம்பர் வேனுக்கும். ஆடி பிறந்ததிலிருந்து எல்லாரும் காத்தைப் பத்தியே கேக்கறீங்க. ஒரே இடத்துல சொல்லிடறேன்.

கேள்வி: அண்ணா, திருவொற்றியூர்ல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா டிபன் வேன் போடறோம். வண்டி முதுகை கடல் பக்கம் வச்சு, ரோட்டுப் பக்கம்தான் ஆனிங் விரிக்கிறோம். அப்படியும் போன வாரம் ராத்திரி, ஆனிங்கைத் தாங்கற கம்பிக் கை வளைஞ்சுடுச்சு. எங்கே தப்பு?

பதில்: மத்தியானத்துக்கு நீங்க செஞ்சது சரிதான் தங்கச்சி. கடல்காத்து கிழக்கேயிருந்து வரும், வண்டி அதை மறைச்சுடும். ஆனா இந்த மாசங்கள்ல இடிமழை மேற்கேயிருந்துதான் வரும், அதுவும் பொழுது சாய்ஞ்ச பிறகு. மழை விழறதுக்கு முன்னாடி சில்லுனு ஒரு காத்து அடிக்குமே, அது நேரா உங்க ஆனிங்குக்கு அடியில பூந்துடும். பின்னாடி வேன் சுவர், காத்து வெளியே போக வழியில்ல. மேலேதான் தூக்கும். மத்தியானம் உங்களைக் காப்பாத்தின அதே நிறுத்தம்தான் ராத்திரி கையை வளைச்சது. மணலி பக்கம் வானம் கறுத்து மின்னினா, இட்லி பானையை அப்புறம் பாருங்க, முதல்ல ஆனிங்கை சுருட்டுங்க.

கேள்வி: எவ்வளவு காத்து வரைக்கும் விட்டு வைக்கலாம்?

பதில்: ரோட்டுல தூசியும் காகிதமும் எழும்பினா காத்து மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிடுச்சுனு அர்த்தம். அங்கேயே நிறுத்திக்கணும். காத்து வேகம் இரண்டு மடங்கானா தள்ளற பலம் நாலு மடங்காகும். 40 கிலோமீட்டர் காத்து நேரா மோதினா ஒரு சதுர மீட்டருக்கு ஏழரை கிலோ. பத்துக்கு எட்டு அடி ஆனிங்குக்கு 55 கிலோ ஆச்சு. 80 கிலோமீட்டர்னா 220 கிலோ. மெல்லிசான அலுமினியக் கை அதைத் தாங்குமா சொல்லுங்க.

கேள்வி: ஆனிங் கால்ல 20 லிட்டர் தண்ணி கேன் கட்டி வச்சிருக்கேன். போதும்ல?

பதில்: ஒரு கேன் 20 கிலோ. மேல இருக்கற கணக்கைப் பாருங்க தம்பி. சின்னக் காத்துக்கு சரி, அதுக்கு மேல கேனும் சேர்ந்து இழுபடும்.

கேள்வி: பெரம்பூர்லேருந்து கேம்பர் டிரெய்லர் எடுத்துக்கிட்டு குடும்பத்தோட பழவேற்காடு போறோம். மணல்ல முளை நிக்கவே மாட்டேங்குது. கயிறு எப்படி கட்டணும்?

பதில்: மணல்ல முளையை மறந்துடுங்க சார். காலி சிமெண்ட் சாக்குல பாதி மணல் போட்டு வாயைக் கட்டி, நடு வயித்துல கயிறைச் சுத்தி, ஒண்ணரை அடி பள்ளத்துல படுக்க வச்சு மூடி நல்லா மிதிங்க. கயிறு செங்குத்தா இறங்கக் கூடாது, சாய்ஞ்சு வெளியே போகணும்.

இன்னொண்ணு. எங்கிட்ட வர்ற கிழிஞ்ச ஆனிங் எதையும் பாருங்க, துணி நடுவுல கிழிஞ்சிருக்காது. கயிறு கோக்கற ரிங் ஓரத்துலதான். வட்டமா இருந்த ஓட்டை சட்டை பொத்தான் ஓட்டை மாதிரி நீண்டு, ஒவ்வொரு இழையா விட்டிருக்கும். ஒரே பெரிய காத்துல ஆனது இல்ல அது. படபடன்னு அடிச்சு, ஆயிரம் தடவை வெடுக்கு வெடுக்குனு இழுத்து ஆனது. அதனால கயிறுக்கும் ரிங்குக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூப் ஒரு சாண் வச்சு கட்டுங்க. இழுப்பை அது வாங்கிக்கும். துணியையும் கையையும் சேர்த்துப் பிடிக்கற கிளிப் கிடைச்சா அதையும் போடுங்க. நைலான் கயிறுன்னா நனைஞ்சதும் தளரும், மழை விட்டதும் இறுக்கணும்.

கேள்வி: சைடு திரையும் போட்டுட்டா காத்து உள்ளே வராதே அண்ணே?

பதில்: வராது, முழுசையும் பாய்மரமா இழுத்துக்கிட்டுப் போகும். வெயிலுக்கு வேணும்னா ஒரு பக்கம் மட்டும் பச்சை வலை போடுங்க, காத்து ஊடுருவிப் போயிடும். மழைத் தண்ணி வடிய, ஆனிங்கோட ஒரு காலை மத்ததைவிட ஒரு சாண் இறக்கியும் வைங்க. ஒரு சென்டிமீட்டர் தண்ணி தேங்கினாலே சதுர மீட்டருக்கு 10 கிலோ.

கேள்வி: ராத்திரி விரிச்சே விட்டுட்டு தூங்கலாமா?

பதில்: கூடவே கூடாது.

கேள்வி: காசிமேட்டுல கடை. ஆறு மாசத்துல ரிங் எல்லாம் துருப்பிடிச்சுடுச்சு.

பதில்: அது இரும்பு ரிங். பித்தளை போடச் சொல்லுங்க, பச்சை பூக்குமே தவிர துணியை அரிக்காது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில உப்பைக் கழுவுங்க. ஈரத்தோட சுருட்டினீங்கன்னா கரும்புள்ளி வந்துடும். காலையில காத்து எழும்பறதுக்குள்ள விரிச்சுக் காய வைங்க.

கேள்வி: புயல் சொன்னா என்ன செய்யறது?

பதில்: துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்கன்னு கேட்ட அன்னிக்கே கழட்டி உள்ளே வைங்க. 2016 டிசம்பர் 12, வர்தா. என் பட்டறை ஆனிங்கை வடக்கேயிருந்து வந்த காத்துக்கு இறுக்கிக் கட்டியிருந்தேன். தாங்கிச்சு. புயலோட கண் கடக்கும்போது காத்து நின்னுது. முடிஞ்சுதுன்னு நம்பி உள்ளே போய் டீ குடிச்சேன். அடுத்து எதிர்ப்பக்கத்துலேருந்து அடிச்சது, நான் கட்டாத பக்கம். பைப்போட பிடுங்கிக்கிட்டுப் போச்சு. கழட்ட நேரமில்லன்னா, சுருட்டின உருளையை மூணு இடத்துல சுத்திக் கட்டி, முடிச்சை வண்டிப் பக்கமா போடுங்க.