கேள்வி–பதில்: ஆஸ்திரேலியக் காட்டுப்புறச் சிரிப்புக் கவிதைகள்

கேள்வி: பேஞ்சோ பேட்டர்சனின் ‘அயர்ன்பார்க் ஊர்க்காரன்’ பட்டிக்காட்டானைக் கேலி செய்கிற கவிதைதானே? நாட்டுப்புறத்தாரே அதை எப்படி ரசித்தார்கள்?

பதில்: பாதிவரைதான் கேலி. 1892-இல் சிட்னியின் ‘புல்லட்டின்’ இதழில் வந்தது. காட்டுப்புறத்து ஆள் ஒருவன் சிட்னிக்கு வந்து, தாடி மீசையை எடுக்க சவரக்கடையில் உட்காருகிறான். சுவரோரம் வேடிக்கை பார்க்கப் பணக்கார இளவட்டங்கள். கடைக்காரன் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பழுக்கக் காய்ச்சிய கத்தியின் முதுகுப்புறத்தை அவன் கழுத்தில் இழுக்கிறான். கழுத்தே போயிற்று என்று நம்பியவன் கடையைத் துவம்சம் செய்துவிடுகிறான். போலீஸ்காரர் வந்தும் அடங்கவில்லை. விளையாட்டுக்குச் செய்தவன்தான் உதை வாங்குகிறான். ஊர் திரும்பியவன், ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் தன் கழுத்து கெட்டி என்று பீற்றிக்கொள்கிறான். அதன்பிறகு அந்த ஊரில் தாடிதான் நாகரிகம்! நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் ஆளுக்கொரு சிரிப்பு. பேட்டர்சன் சிட்னி வழக்கறிஞர், ஆனால் வளர்ந்தது நாட்டுப்புறத்தில்.

கேள்வி: அவருடைய ‘மல்கா பில்’ சைக்கிள் கவிதையை மகள் பள்ளி மேடையில் சொல்லப் போகிறாள். ராகம் போட்டு இழுக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: வரிக்கு 7 இடத்தில் குரல் அழுத்தம், பெரும்பாலும் நாலாவதுக்குப் பின் ஒரு மூச்சு. இரண்டிரண்டு வரியாக இயைபு. விரலால் தட்டிப் பழகட்டும். மேடையில் தட்டக் கூடாது. எல்லா வரி முடிவிலும் ஒரே அளவு நிறுத்தினால்தான் தாலாட்டு ஆகிவிடும். வாக்கியம் அடுத்த வரிக்கு ஓடினால் அவளும் நிற்காமல் ஓட வேண்டும். குதிரையை விட்டுச் சைக்கிளுக்கு மாறும் பில், எதையும் ஓட்டுவேன் என்று அடிக்கும் சவடாலை மெதுவாக, துளியும் சிரிக்காமல் சொல்லட்டும். சைக்கிள் சரிவில் இறங்கும்போது வேகம். ஓடைக்குள் விழுந்ததும் முழு நிறுத்தம். அவையோர் சிரித்து முடிக்கட்டும். இனிக் குதிரையே போதும் என்ற கடைசி வரியை அவசரப்பட்டுச் சொன்னால் கவிதையே வீண்.

கேள்வி: இன்னொரு ஆஸ்திரேலியக் கவிஞர் ஹென்றி லாசனும் இவரும் கவிதையிலேயே சண்டை போட்டார்களாமே?

பதில்: காட்டுப்புற வாழ்க்கை இனிதா, கடினமா என்று பேசிவைத்த சண்டை. 1892-இல் யோசனை சொன்னவர் லாசன். எழுத எழுதக் காசு என்பது கணக்கு. ஆனாலும் கருத்து வேறுபாடு நிஜம்: பேட்டர்சன் காட்டுப்புறத்தைக் குதிரை மேலிருந்து, பிறர் சமைத்த சோற்றைத் தின்று பார்த்தவர்; லாசன் நடந்து, தானே சமைத்து. இதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டவரும் பேட்டர்சனே.