மைவி காரை முடித்ததும் ‘நாக் ஆஃப்’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், கார் தட்டிச் சாயம் அடிக்கும் பட்டறையில் சேர்ந்து இரண்டு வாரமாகிறது. “மைவி முடிந்ததும் நீ நாக் ஆஃப் பண்ணலாம்” என்று முதலாளி ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்பினார். எதைத் தட்டிக் கழற்றச் சொல்கிறார் என்று புரியாமல் இரவு ஏழரை வரை அங்கேயே நின்றேன். அதற்கு என்னதான் பொருள்?

பதில்: வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார், தம்பி.

உங்கள் மேல் தப்பில்லை. கார் இடித்தால்கூட நாம் ‘நாக் ஆயிருச்சு’ என்றுதானே சொல்கிறோம்! ஆனால் ‘ஆஃப்’ சேர்ந்ததும் கதை வேறு. ‘வாட் டைம் டூ யூ நாக் ஆஃப்?’ என்றால் ‘எத்தனை மணிக்கு வேலை விடும்?’ என்று பொருள். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய், பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்தபின் ‘வேலை விட்டாச்சு’ என்பார்களே, அதேதான். கவனியுங்கள்: ‘வேலை விட்டாச்சு’ வேறு, ‘வேலையை விட்டாச்சு’ வேறு. நடுவில் ஒரு ‘ஐ’ நுழைந்தால் சம்பளமே போய்விடும். ‘நாக் ஆஃப்’ முதல் வகை மட்டும். அதனால் மறுநாள் காலை வழக்கம்போலப் பட்டறைக்குப் போக வேண்டும்.

நீங்களும் ‘ஐ நாக்ட் ஆஃப் அட் சிக்ஸ்’ என்று பதில் போடலாம். விடுப்புக் கடிதத்தில் மட்டும் வேண்டாம், இது பேச்சு வழக்கு. அங்கே ‘ஃபினிஷ் வொர்க்’ போதும்.

விலை பேசும்போதும் இது வரும். வாடிக்கையாளர் ‘கேன் யூ நாக் ஆஃப் டுவெண்டி ரிங்கிட்?’ என்று கேட்டால், இருபது வெள்ளி குறைக்கச் சொல்கிறார். தொகையை நடுவில் வைத்து ‘நாக் டுவெண்டி ரிங்கிட் ஆஃப்’ என்றாலும் சரிதான். ஆனால் ‘நாக் இட் ஆஃப்!’ என்று முதலாளி கத்தினால் உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ‘போதும், சேட்டையை நிறுத்து’ என்கிறார்.

அப்புறம், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பிராண்ட் காலணி மாதிரியே மலிவாகக் கிடைக்குமே, அந்த நகல் சரக்குக்கும் ‘நாக்-ஆஃப்’ என்றே பெயர். ஆங்கிலக் குற்றப் படங்களில் ஆளைத் தீர்த்துக்கட்டுவதையும் இப்படிச் சொல்வார்கள். பட்டறையில் அது தேவைப்படாது.

ஒன்றே ஒன்று: அவசரத்தில் ‘ஆஃப்’ போய் ‘அப்’ ஆகிவிடக் கூடாது. ‘ஐ ஆம் நாக்ட் அப்’ என்றால் கொச்சை ஆங்கிலத்தில் கர்ப்பமாக இருக்கிறேன் என்று பொருள்.