பையில் ஒரு ஷெஃபீல்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கிலாந்தில், லெஸ்டரில் ஒரு கிடங்கில் இரவுப் பணி செய்கிறேன். உங்கள் தளத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். ஏதோ ஒரு பயணக் கட்டுரையில், ரயிலில் உட்கார்ந்து, கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்ட் நகரில் செய்த பழைய கத்தியால் ஆப்பிள் நறுக்கியதைப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. காரின் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேல்களில் தேடித்தேடி நான்கு பழைய மடக்குக்கத்திகள் வாங்கிவிட்டேன். மொத்தம் 62 பவுண்டு. ஒன்றில் ‘மெஜஸ்டி’ என்ற சொல் தெரிகிறது, அதற்கு முந்தைய சொல் தேய்ந்துவிட்டது. ஒன்று ராணுவக் கத்தி. இன்னொன்றுக்கு யானைத்தந்தப் பிடி என்றார் விற்றவர். நான்காவது விரித்தால் அப்படியே நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு பித்தளைத் தகட்டை நகர்த்தினால்தான் மடங்கும். இருப்பதிலேயே உறுதியானது என்பதால் அதைத்தான் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். வேலையில் அட்டைப்பெட்டி பிரிக்கவும் உதவுகிறது.

“ஊரெல்லாம் கத்திக்குத்துன்னு நியூஸ் வருது, நீங்க காசு கொடுத்துக் கத்தி வாங்கிட்டு வர்றீங்க” என்கிறாள் மனைவி. மாதம் 20 பவுண்டுக்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது. இந்தப் பணத்தில் இதை முறையாகச் செய்ய முடியுமா? பையில் வைத்துக்கொண்டு நடமாடலாமா? இல்லை, இது வெறும் கிறுக்குத்தனமா?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நான்காவது கத்தியை இன்றைக்கே பையிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கிலாந்தில் கூர்முனையோ வெட்டும் விளிம்போ உள்ள பொருளைத் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு. அந்தப் பிரிவே ஒரு விலக்கும் தருகிறது: மடக்கிப் பையில் வைக்கும் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாதது. அதாவது 7.62 சென்டிமீட்டர். ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த விலக்குக்குள் வராது என்று 1990களிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் வர்ணிக்கும் பித்தளைத் தகடு அந்தப் பூட்டுதான். கிடங்கில் பெட்டி பிரிக்கத்தான் வைத்திருக்கிறேன் என்பது சட்டம் ஏற்கும் காரணம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு கடைத்தெருவில் இருக்கும்போது அந்தக் காரணம் செல்லாது.

பூட்டு இல்லாத சின்னக் கத்தியானாலும், யாரையாவது மிரட்டுவதற்கோ தற்காப்புக்கோ என்று வாய்விட்டீர்களானால் அது ஆயுதமாகிவிடும். விமான நிலையம், நீதிமன்றம் என்று சோதனைவாயில் உள்ள எந்த இடத்துக்கும் கொண்டு போகாதீர்கள். நான் ஒருமுறை மறந்து கொண்டுபோய், அருமையான ஒரு சின்னக் கத்தியைச் சோதனைக்காரரின் பிளாஸ்டிக் தொட்டியில் என் கையாலேயே போட்டுவிட்டு விமானம் ஏறினேன். அதற்குப் பிறகு பயணத்துக்கு முந்தைய இரவு கால்சட்டைப் பைகளைத் தடவிப் பார்க்காமல் படுப்பதில்லை.

சரி, இனி மகிழ்ச்சியான விஷயம். சட்டம் விட்டுவைத்திருக்கும் அந்தச் சின்ன இடத்துக்குள் கச்சிதமாகப் பொருந்துவது ஷெஃபீல்டின் பழைய பேனாக்கத்திதான். அதில் பூட்டு கிடையாது. முதுகில் ஒரு எஃகுப் பட்டை இருக்கும், அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதியை அது அழுத்திப் பிடித்திருக்கும். நகத்தை வைத்து அலகைத் தூக்கினால் பாதியில் ஒரு கனம் தெரியும், அப்புறம் ‘டக்’கென்று நிமிர்ந்து நிற்கும். மூடும்போது இன்னொரு ‘டக்’. நூறு வருடம் கழித்தும் அந்தச் சத்தம் வருகிறதென்றால் அந்தக் கத்தியைச் செய்தவருக்குத் தொழில் தெரிந்திருந்தது என்று அர்த்தம். பூட்டு இல்லாததால் தவறாக அழுத்தினால் விரல்மேல் மடங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். அதனால் இதைக் குத்துவதற்குப் பயன்படுத்த முடியாது. இழுத்து அறுக்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் பித்து வந்தது தாத்தாவால். தஞ்சாவூர்ப் பக்கம் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். பென்சில் சீவ, பாக்கு வெட்ட, தபால் உறை பிரிக்க எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பேனாக்கத்தி. இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த கத்தி என்பதால்தான் அந்தப் பெயர். அதன் அலகில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் இருக்கும். அது ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் குறி அது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. 1682 முதல் பதிவில் இருக்கும் குறி. தாத்தாவின் கத்தியை அத்தை மாங்காய் நறுக்கியே கரைத்துவிட்டார். ஆகவே நான் இங்கே வாங்கிய முதல் கத்தியும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அலைந்தேன். ஒரு சந்தையில் 35 பவுண்டு கொடுத்து, கண்ணாடி மாதிரி பளபளத்த ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ‘ராட்ஜர்ஸ்’ என்பதன் நடுவே இருக்க வேண்டிய ‘டி’ எழுத்தைக் காணோம். அந்தப் பெயரை ஊரூராகக் காப்பியடித்திருக்கிறார்கள். பளபளப்பும் பாலிஷ் சக்கரத்தின் கைங்கரியம். எழுத்துகளின் ஓரமெல்லாம் மழுங்கி, அலகு மெலிந்து போயிருந்தது.

அந்த 35 பவுண்டுதான் எனக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். காசு குறைவாக உள்ளவனுக்குக் கண்தான் மூலதனம், கே. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

மூடியிருக்கும் கத்தியைப் பாருங்கள். அலகு பிடியின் பள்ளத்தை ஏறக்குறைய நிறைக்க வேண்டும். நிறைய இடம் காலியாக இருந்தால் சாணை பிடித்துப் பிடித்துப் பாதி அலகு போய்விட்டது என்று பொருள். விரித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு பரவாயில்லை, கடகடவென்றால் வேண்டாம். பிடியில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றி விரிசல் ஓடியிருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். ஸ்பிரிங்கில் முறிவு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். மற்றபடி அலகு கறுத்திருப்பதற்காகப் பயப்படாதீர்கள். பழைய கார்பன் எஃகு வெங்காயமும் பழமும் பட்டுச் சாம்பல்நீலமாகக் கறுக்கும். அது துருவைத் தடுக்கும் படலம். செம்மண் நிறத்தில் பொருபொருவென்று இருந்தால்தான் துரு. அதையும் எண்ணெய் விட்டு ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும், குழி விழாதவரை.

அப்புறம் எழுத்துகள். அலகின் அடியில் ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அந்த ஆண்டு அமெரிக்கா சட்டம் போட்டது, ஷெஃபீல்டுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று இருந்தால் 1913க்கு முன் இருக்க வாய்ப்பே இல்லை. ஹாரி பிரியர்லி அந்த எஃகை ஷெஃபீல்டில் உருக்கியதே அந்த ஆண்டில்தான். ஒரு சந்தைக்காரர் ‘விக்டோரியா காலத்துக் கத்தி’ என்று என்னிடம் 40 பவுண்டு சொன்னார். அலகில் ஸ்டெயின்லெஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டேன். சொல்லியிருந்தால் விலையைக் குறைத்திருப்பார், எனக்குத்தான் கூச்சம்.

உங்கள் ராணுவக் கத்தியைப் பற்றிக் கவலையே வேண்டாம். கறுப்புப் பிளாஸ்டிக் பிடியில் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு இருக்கிறதா? அகலமான அலகு, டப்பா திறப்பான், சிலவற்றில் கயிற்று முடிச்சு அவிழ்க்க ஒரு தடித்த முள். எங்காவது அம்புக்குறி ஒன்றும் ஆண்டும் பொறித்திருக்கும். அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதன் அடையாளம். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கில் செய்து கொடுத்தார்கள், அதனால்தான் இன்றும் உங்கள் மாதச் செலவுக்குள் கிடைக்கிறது. தேதியைத் தானே சுமந்துகொண்டிருக்கும் கத்தி இது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. எடைதான் கொஞ்சம் அதிகம், பையைக் கீழே இழுக்கும். வெளியே கொண்டு போவதற்கு முன் இதன் விளிம்பையும் அளந்துவிடுங்கள்.

யானைத்தந்தம் என்று விற்றவர் சொன்னதை நம்பாமலிருப்பதே உங்களுக்கு நல்லது. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்தப் பொருள்களை விற்பதும் வாங்குவதும் தடை. மிகச் சில விலக்குகள் உண்டு, அவற்றுக்கும் முன்கூட்டியே பதிவோ சான்றிதழோ தேவை. ஆனால் கார் பூட் சேல் விலைக்குக் கிடைத்தது தந்தமாக இருக்க வாய்ப்பு குறைவு. மேற்பரப்பில் கறுப்புப் புள்ளிகளோ சின்னக் கீற்றுகளோ தெரிந்தால் அது மாட்டெலும்பு. ரூல் போட்டது மாதிரி சீரான கோடுகள் ஓடினால் செல்லுலாய்டு என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். செல்லுலாய்டாக இருந்தால் இன்றே மற்ற கத்திகளிடமிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அது பழசானால் அமில ஆவியை விடும். தன் அலகையும் துருவாக்கி, பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். என் மேசை இழுப்பறையில் ஐந்து கத்திகளை ஒரே குளிர்காலத்தில் அப்படிப் பாழாக்கிக்கொண்டேன். தோலுறைக்குள் வைப்பதும் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

பிடிகளில் எனக்குப் பிடித்தது மான்கொம்பு. கரடுமுரடாக, கைக்குள் பொருந்தும். ஷெஃபீல்டுக்காரர்கள் விரும்பி வாங்கியது நம்முடைய கடமான் கொம்பை. உள்ளே மிருதுத்தன்மை குறைந்து கெட்டியாக இருக்கும் என்பதால். இந்தியக் காடுகளில் உதிர்ந்த கொம்பு கப்பலேறி ஷெஃபீல்ட் இருக்கும் யார்க்ஷயருக்கு வந்து, கத்தியாகித் திரும்ப இந்தியாவுக்கே விற்பனைக்குப் போயிருக்கிறது. பிற்பாடு இந்தியா கொம்பு ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டதால் பழைய மான்கொம்புப் பிடிக்கு இப்போது விலை கூடுதல். உங்கள் 20 பவுண்டுக்குள் முழுசாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

20 பவுண்டில் செய்ய முடியுமா என்றால், முடியும். ஆனால் மாதாமாதம் வாங்க வேண்டாம். மூன்று மாதம் சேர்த்து ஒன்று வாங்குங்கள். நடுவில் உள்ள ஞாயிறுகளில் கையில் எடுத்துப் பார்த்துக் கீழே வைப்பதுதான் வேலை. நீங்கள் செலவழித்த 62 பவுண்டுக்கு, பெயர் தெரியாத கம்பெனியின் உழைத்துத் தேய்ந்த நல்ல கத்திகள் நான்கைந்து வரும். பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஷெஃபீல்டில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்று ஒரு கூட்டம் இருந்தது, சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ கத்தி செய்தவர்கள். பெரிய கம்பெனிகளுக்கும் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் காய்ச்சி அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பிடி கோப்பார். சாணைக்காரர்கள் கல்தூசியை மூச்சில் இழுத்து நுரையீரல் போய் இளம் வயதிலேயே செத்தார்கள். விடுமுறை கிடைத்தால் ஷெஃபீல்டில் அபிடேல் தொழிற்கிராமத்தையும் ஷெப்பர்ட் வீல் என்ற பழைய சாணைப் பட்டறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீரில் சுற்றும் சக்கரத்தின் முன் குனிந்து உட்காரும் அந்தப் பலகையைப் பார்த்த பிறகு, நான் சந்தையில் ரொம்பப் பேரம் பேசுவதில்லை.

பையில் வைக்க என்றால், ‘லாம்ப்ஃபுட்’ என்று கேளுங்கள். ஆட்டுக்குட்டியின் குளம்பு போல நுனி மழுங்கி, விளிம்பு நேர்கோடாக இருக்கும். கூர்முனை இல்லாததால் பார்க்கிறவர்களுக்குப் பயம் வராது. அட்டைப்பெட்டியின் டேப்பை இழுக்க இதைவிடச் சுகமான அலகு கிடையாது. வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். விளிம்பை மட்டும் அளந்தால் போதும் என்றாலும் நான் அலகு முழுவதையும் அளக்கிறேன், நடுத்தெருவில் போலீஸ்காரரோடு இலக்கணம் பேச எனக்குத் தெம்பு இல்லை. வாங்கியதை உங்கள் மனைவி கையில் கொடுத்து ஒரு கொய்யாப்பழம் நறுக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அப்படித்தான் என் சிறந்த கத்தி அடுக்களைக்குப் போனது, இன்னும் திரும்பி வரவில்லை.

கிறுக்குத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம். எனக்கும் அதே கிறுக்குதான்.

அந்த ‘மெஜஸ்டி’ கத்திக்கு வருவோம். அதற்கு முன்னால் உள்ள சொல் ராஜாவைக் குறிக்கும் ‘ஹிஸ்’ஸா ராணியைக் குறிக்கும் ‘ஹெர்’ரா என்பதில் எல்லாம் இருக்கிறது. ராட்ஜர்ஸ் தன்னை அரச குடும்பத்துக் கத்திக்காரர் என்று பொறித்துக்கொண்ட கம்பெனி. ‘ஹெர்’ என்றால் விக்டோரியா ராணி இறந்த 1901க்கு முந்தையதாக இருக்கலாம், அல்லது எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1952க்குப் பிந்தையதாக. ‘ஹிஸ்’ என்றால் பெரும்பாலும் நடுவில் உள்ள ஐம்பது ஆண்டுகளில் ஏதோ ஒன்று. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, இரவில் விளக்கை அணைத்து, போனின் டார்ச்சை மட்டும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து வரும். தேய்க்காதீர்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், கூடவே ‘இங்கிலாந்து’ இருக்கிறதா என்றும்.

அன்புடன்.