குழந்தை காணாமல் போனால் சிலருக்கு மட்டும் ஊடகம் முழுக்கத் தேடுவது ஏன்? பெற்றோருக்குப் பொறுப்பு இல்லையா?

பொறுப்பு உண்டு. ஆனால் "நீ எங்கே போயிருந்தாய்?" என்று யாரிடம், எந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

எனக்கு ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம். இங்கே அப்பா கடலுக்குப் போயிருப்பார். அம்மா கடல்பாசி எடுக்கப் போயிருப்பார். பிள்ளை அப்பத்தாவிடம் இருக்கும். அங்கன்வாடி திறக்கும் நேரம் பார்த்தா கடல் வற்றுகிறது?

பக்கத்துத் தெரு அக்காவின் பையன் காணாமல் போனபோது நானும் ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். உப்புத்தண்ணி காயாத சேலையோடு நின்றவரிடம் பையனின் வயதைக் கேட்கவில்லை, சட்டை நிறத்தைக் கேட்கவில்லை. "பிள்ளையைப் பார்க்காம உனக்கு என்னம்மா வேலை?" என்றுதான் கேட்டார்கள். அவர் பதில் சொல்லி அழுது முடிப்பதற்குள் மதுரை ரயில் போய்விட்டது. பையன் அதில்தான் இருந்தான். மானாமதுரையில் ரயில்வே போலீசார் பார்த்து இறக்கிவிட்டதால் கிடைத்தான். எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. எப்படி வரும்? ஊர் நிருபருக்குப் பெரும்பாலும் செய்தி கிடைப்பது ஸ்டேஷனில்தான். வழக்கே பதிவாகவில்லை என்றால் அவரைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை.

2007 மே 3 அன்று போர்ச்சுகலில் மடேலின் மெக்கேன் என்ற மூன்று வயதுப் பிரிட்டிஷ் குழந்தை காணாமல் போனாள். பெற்றோர் இருவரும் டாக்டர்கள். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பக்கத்து உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் உலகம் திட்டியது, போலீஸ் சந்தேகப்பட்டது. ஆனாலும் தேடல் நிற்கவில்லை. அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது சரிதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அதற்குச் சற்று முன்பு டெல்லியை ஒட்டிய நொய்டாவின் நிதாரி கிராமத்தில் கூலி வேலை செய்த பெற்றோர்கள் பிள்ளைகளைக் காணோம் என்று ஸ்டேஷனுக்கு அலைந்தார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. 2006 டிசம்பரில் பிள்ளைகளின் எலும்புகள் கிடைத்த பிறகுதான் கேமராக்கள் அங்கே போயின.

அதனால் பெற்றோரின் பொறுப்பைப் பற்றி அப்புறம் விசாரிக்கட்டும், முதலில் தேடட்டும் என்கிறேன். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் உடனே எஃப்ஐஆர் போட வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்ல ஸ்டேஷனுக்கு உரிமை இல்லை. "இது எங்கள் எல்லை இல்லை" என்றும் திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அன்று காலையில் குழந்தையைப் போட்டிருக்கும் சட்டையோடு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். காணோம் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அடியுங்கள். ஸ்டேஷனில் யார் திட்டினாலும் பதிலுக்கு நிற்க வேண்டாம். படத்தைக் காட்டுங்கள், எஃப்ஐஆர் நகலைக் கேளுங்கள், அது கைக்கு வந்ததும் ஊர் நிருபருக்கு அனுப்புங்கள்.