காட்டையும் ஓடையையும் புரிந்துகொள்ள ஏன் பூச்சிகளை எண்ணுகிறார்கள்?

ஓர் இடத்தில் எத்தனை வகை உயிர்கள் வாழ்கின்றன என்பதே, சுருக்கமாக, பல்லுயிர் வளம். எல்லாவற்றையும் எண்ணி முடிக்க யாராலும் ஆகாது. அதனால் மற்றவற்றைப் பற்றியும் துப்புக் கொடுக்கும் உயிர்களை எண்ணுகிறார்கள்.

இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். பலவற்றின் புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும். ஆக, பூச்சி வகை கூடினால் செடி வகையும் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எனக்கு அதிக வியப்பு தருவது ஓடைதான். நீரில் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேஃபிளை என்ற பூச்சியின் நீரில் வாழும் இளம்பருவம், வயிற்றின் இருபுறமும் செவுள்கள் துடிக்க, கல்லோடு தட்டையாக ஒட்டியிருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் அது தாங்காது. கொசு போன்ற ஒரு சிறு பூச்சியின் புழுவான சிவப்பு ரத்தப்புழு தாங்கும். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் அதன் உடலில் இருக்கிறது. நீர்ப் பரிசோதனை அந்த நேரத்து போட்டோ என்றால், மாதக்கணக்கில் நீருக்குள்ளேயே வளரும் இந்தப் பூச்சிகள் ஓடையின் டைரி. போன வாரம் கலந்த கழிவு இன்றைய நீரில் தெரியாமல் போகலாம். காணாமல் போன மேஃபிளை காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், நிறையப் பூச்சி கிடைத்தாலே ஓடை நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: ரத்தப்புழு மட்டும் ஆயிரக்கணக்கில் நெளிந்தால், அது பெரும்பாலும் மாசின் அடையாளம்.