புல்வெளி ராஞ்ச் வாங்கும் முன்: ஃபிளின்ட் ஹில்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் வடக்கு தெற்காக நீண்டு, தெற்கே ஓக்லஹோமாவின் ஓசேஜ் கவுண்டிக்குள் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) போய் முடிகிற குன்றுநிலம்தான் ஃபிளின்ட் ஹில்ஸ். உயரப்புல் ப்ரெய்ரி, அதாவது உயரமான புல் வளரும் இயற்கைப் புல்வெளி, ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் சுமார் 17 கோடி ஏக்கரில் பரவியிருந்தது. இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது, அதுவும் தனியார் கையில். ஒரு ராஞ்ச், அதாவது மாடு மேய்க்கும் பெரிய பண்ணை, கைமாறும்போது அந்தப் புல்லின் தலைவிதியும் கைமாறுகிறது. அதனால் வாங்க நினைப்பவர்களின் கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

இரண்டாயிரம் ஏக்கர், இரண்டு ஓடைகள், உழாத புல்வெளி என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். இவ்வளவு நிலத்தை ஏன் யாரும் உழாமல் விட்டார்கள்? மண் மோசமா? (கன்சாஸ் சிட்டி)

மண் நல்ல மண்தான், ஆழம்தான் கிடையாது. மேட்டில் கொஞ்சம் கறுப்பு மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை, அதற்குள் சிக்கிமுக்கிக் கல். கலப்பை இறங்கவில்லை. ஐயோவாவிலும் இல்லினாயிலும் இதே புல்வெளி சோள வயலாகிப் போனபோது இங்கே மாடு வந்து மேய்ந்ததால் புல் பிழைத்தது. ஓடையோரத் தாழ்நிலத்தில் மட்டும் ஆழமான வண்டல் உண்டு. அங்கே பயிர் வைப்பார்கள்.

ஆனால் ‘புல்வெளி’ என்று எழுதியதெல்லாம் உழாத நிலம் ஆகிவிடாது. எப்போதோ உழுது கைவிட்டு, பிறகு ப்ரோம், ஃபெஸ்க்யூ போன்ற வெளியூர்ப் புல் விதைத்த நிலமும் தூரத்துக்குப் பச்சையாகத்தான் தெரியும். நடந்து பாருங்கள். பிக் புளூஸ்டெம், லிட்டில் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், ஸ்விட்ச் கிராஸ் நான்கும், நடுவே பலவகைக் காட்டுப்பூச்செடிகளும் இருந்தால் அது பழைய புல்வெளி. ஒருமுறை உழுதுவிட்டால் அந்தச் செடிக்கூட்டத்தை முழுசாகத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடிந்ததில்லை. பழைய வான்வழிப் புகைப்படங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தால் எந்தப் பகுதி உழப்பட்டது என்று புரிந்துவிடும்.

எங்களுக்கு மாடு வளர்க்கும் ஆசை இல்லை. வாங்கி, வேலியைப் பூட்டிவிட்டு, இயற்கையை அதன் போக்கில் விடலாம் என்று இருக்கிறோம். நல்ல எண்ணம்தானே? (டல்லாஸ்)

எண்ணம் நல்லது. ஆனால் புல்வெளிக்கு அதைவிடக் கெடுதல் வேறு அதிகம் இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இங்கே வருஷத்துக்கு 30 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. மரம் வளரத் தாராளமாகப் போதும். அப்படியும் இது காடாகாமல் இருந்ததற்குக் காரணம் நெருப்பும் மேய்ச்சலும். மின்னலும் மூட்டின நெருப்பு உண்டு, பழங்குடி மக்கள் வேண்டுமென்றே வைத்த நெருப்பு இன்னும் அதிகம் உண்டு. எரிந்த இடத்தில் தளிர்த்த புல்லைத் தேடிக் காட்டெருமைகள் (பைசன்) வந்தன. நெருப்பை நிறுத்தினால் முதலில் வருவது ஈஸ்டர்ன் ரெட் சீடர் என்ற பசுமைமாறா மரம். நாற்பது ஆண்டுகள் சும்மா விட்டால் போதும், புல்வெளி அடர்ந்த சீடர் காடாகிவிடும். அதன் நிழலில் புல் கிடையாது, பூ கிடையாது, புல்வெளியில் வாழும் காட்டுப்பறவையான ப்ரெய்ரிக் கோழியும் கிடையாது. நல்ல வேளையாக, இந்த மரம் ஒருமுறை கருகினால் அடியிலிருந்து துளிர்க்காது. சின்னதாக இருக்கும்போதே நெருப்பு அதை முடித்துவிடும். ஆளுயரம் தாண்டிவிட்டால் அறுத்துத்தான் ஆக வேண்டும், செலவு பல மடங்கு.

எரிப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். அதற்கு முன் கவுண்டிக்குத் தகவல் சொல்ல வேண்டும். காற்று, ஈரப்பதம் பார்க்க வேண்டும். ஏப்ரலில் புகை நகரங்களின் காற்றைக் கெடுப்பதால் சில கவுண்டிகளில் மற்ற வகை எரிப்புகளுக்குத் தடை இருக்கும், புல்வெளி எரிப்புக்கு விதிவிலக்கு உண்டு. தீ பக்கத்து நிலத்துக்குப் போனால் வழக்கு உங்கள் தலையில். முதல் சில வருஷம் தனியாக முயற்சியே செய்யாதீர்கள். அக்கம்பக்கத்து ராஞ்ச்காரர்கள் சேர்ந்துதான் எரிப்பார்கள். அவர்களோடு போய் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒவ்வொரு வருஷமும் எரிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ப்ரெய்ரிக் கோழி முட்டையிடப் பழைய புல்லின் மறைவு வேண்டும். நிலத்தை மூன்றாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கை மட்டும் எரித்தால் மாடுகள் தாமாகவே எரிந்த பக்கத்துக்குப் போய் மேயும். மற்ற இரண்டு பங்கில் புல் உயரும், பறவைகளுக்கு இடம் கிடைக்கும். குறுக்கே வேலியும் தேவையில்லை.

சரி, எத்தனை மாடு விடலாம்? (அதே வாசகர்)

மே தொடங்கி அக்டோபர் வரை முழுப் பருவம் என்றால் இளங்காளை ஒன்றுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர். தாயும் கன்றும் என்றால் 7, 8 ஏக்கர். இங்கே இன்னொரு முறையும் உண்டு. ஒரு காளைக்கு 2 ஏக்கர் என்று இரட்டிப்பாக விட்டு, ஜூலை நடுவில் எல்லா மாடுகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஜூலைக்குப் பிறகு புல்லில் புரதம் குறைந்துவிடும். மிச்சமுள்ள கோடையில் புல் ஓய்வெடுத்து வேரில் சத்தைச் சேர்த்துக்கொள்ளும். காசுக்கு இது நல்ல கணக்கு. ஆனால் மொத்த நிலத்தையும் எரித்து இப்படி மேய்த்தால் பறவைக்கு ஒதுங்க இடமே மிஞ்சாது.

நீங்களே மாடு வாங்க வேண்டாம். பருவக் குத்தகைக்கு விடுங்கள். எண்ணிக்கை, மாடு வெளியேற வேண்டிய தேதி, எரிக்கும் பொறுப்பு யாருக்கு, உப்பும் வேலியும் யார் செலவு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாங்கும்போதே குத்தகைதாரர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வாய்மொழிக் குத்தகையாக இருந்தாலும் கன்சாஸில் எழுத்து மூலம், மார்ச் 1-க்குக் குறைந்தது 30 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்துத்தான் முடிக்க முடியும். தேதி தவறினால் இன்னொரு வருஷம் போச்சு.

ஓடை எங்கள் நிலத்துக்குள்ளே ஓடினால் எங்களுடையதுதானே? அணை கட்டி ஒரு ஏரி ஆக்கலாமா? (ஓமஹா)

கன்சாஸில் பொதுமக்களுக்குத் திறந்த ஆறுகள் கன்சாஸ், ஆர்கன்சா, மிசௌரி மூன்று மட்டும்தான். மற்ற ஓடைகளின் படுகை கரைக்காரருக்குச் சொந்தம். உங்கள் அனுமதி இல்லாமல் இறங்கி மீன் பிடித்தால் அத்துமீறல்.

தண்ணீர் மட்டும் அப்படி இல்லை. 1945-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மாநில மக்களின் பயன்பாட்டுக்கு உரியது, முதலில் உரிமை பெற்றவருக்கு முதல் இடம். வீட்டுக்கும் மேய்ச்சல் மாட்டுக்கும் அனுமதி வேண்டாம். பாசனம் என்று போனால் மாநில வேளாண் துறையின் நீர்வளப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவான உரிமை ஏதாவது இருக்கிறதா, அது நிலத்தோடு சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

அணை கட்டுவதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஓடைக்குள் மண் கொட்டுவதற்கு மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதியும் மாநில அனுமதியும் தேவைப்படலாம். அதைவிட முக்கியம், இந்த ஓடைகளில் டொபீகா ஷைனர் என்ற விரலளவு மீன் வாழ்கிறது. 1998-இல் அழியும் நிலையில் உள்ள இனமாக மத்திய அரசு அறிவித்தது. தெளிந்த நீரும் சரளைக்கல் அடியும் அதற்கு வேண்டும். அணை அதன் வழியை அடைக்கிறது. குளத்தில் நாம் விடும் பாஸ் என்ற பெரிய மீன் தப்பித்து வந்து அதைத் தின்றுவிடுகிறது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமானால் ஓடையை விட்டு விலகி, மேட்டில் உள்ள பள்ளத்தில் குட்டை வெட்டுங்கள், அல்லது ஊற்றுநீரைக் குழாயில் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். தொட்டியில் நல்ல தண்ணீர் இருந்தால் மாடு ஓடைக்கரையை மிதித்துச் சேறாக்குவதும் குறையும்.

அப்புறம், ‘வற்றாத ஓடை’ என்று விளம்பரத்தில் இருந்தால் ஆகஸ்ட் கடைசியில் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓக்லஹோமா பக்கம், ஓசேஜ் கவுண்டியில் விலை தோதாக இருக்கிறது. எண்ணெய் உரிமையும் சேர்ந்து வருமா? (துல்சா)

வராது. எந்தக் காலத்திலும் வராது. ஓசேஜ் பழங்குடி மக்கள் கன்சாஸிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம் அது. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் மேல்நிலத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, அடியிலுள்ள கனிமங்களை மொத்த இனத்துக்கும் பொதுவாக வைத்தது. நீங்கள் வாங்குவது மேல்நிலம் மட்டும். துளையிட வருபவருக்கு உள்ளே வர உரிமை உண்டு. சேதத்துக்கு உங்களுக்கு இழப்பீடு உண்டு. தடுக்கும் அதிகாரம் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் எண்ணெய் எடுத்த இடம் என்பதால் மூடாத பழைய கிணறுகளையும், உப்புநீர் கொட்டிப் புல் முளைக்காத திட்டுகளையும் தேடிப் பாருங்கள். ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

கன்சாஸ் பக்கம் நிலைமை வேறு. அங்கேயும் கனிம உரிமை தனியே பிரிந்து கிடக்கலாம். ஆனால் 20 ஆண்டுகள் பயன்படுத்தாத கனிம உரிமையை, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து மேல்நிலக்காரர் திரும்பப் பெற வழி இருக்கிறது. உரிமைப் பத்திர ஆய்வில் இதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா? (ஹூஸ்டன்)

கன்சாஸில் முடியும். ஆனால் 1978-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, கிரீன் கார்டு இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாட்களுக்குள் அமெரிக்க வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மேய்ச்சல் நிலமும் அதில் அடக்கம். மறந்தால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போடலாம். வீடு வாங்கிப் பழகிய நம்மவர்கள் இந்தப் படிவம் இருப்பதையே அறியாமல் போகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மேலும், விசா உங்களை ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்யத்தான் அனுமதிக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடுவது ஒன்று, நீங்களே தினமும் இறங்கி ராஞ்ச் நடத்துவது வேறொன்று. குடியேற்ற வழக்கறிஞரிடம் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து பணம் அனுப்பி வாங்கலாமா?

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், வெளிநாட்டில் நிலம் வாங்கவும் அது செல்லும். ஆனால் அந்தத் தொகைக்குள் பெரிய ராஞ்ச் வராது. வந்தாலும், ஏப்ரலில் எரிக்கவும் வேலி பார்க்கவும் ஆள் இல்லாத நிலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மான்கள் நிறைய என்கிறார்கள். வேட்டைக்கு விட்டுச் சம்பாதிக்கலாமா? (விச்சிட்டா)

காட்டு விலங்கு மாநிலத்தின் உடைமை. நீங்கள் விற்பது உள்ளே வரும் அனுமதியை மட்டும்தான். ஓடைக்கரை மரங்களில் வெள்ளைவால் மானும் வான்கோழியும் இருக்கும், வேட்டைக் குத்தகைக்கு ஆள் கிடைக்கும். வெளிமாநிலத்தாருக்கு மான் அனுமதி குலுக்கலில்தான். 80 ஏக்கராவது விவசாய நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்தில் வேட்டையாடத் தனி அனுமதி வாங்கலாம். ஏற்கனவே யாருக்காவது வேட்டைக் குத்தகை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்க மறக்காதீர்கள்.

காட்டெருமை வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஸ்ட்ராங் சிட்டி அருகே உள்ள தேசிய உயரப்புல் காப்பகத்தில் 2009-இல் 13 காட்டெருமைகளோடு தொடங்கினார்கள். ஓக்லஹோமாவில் பாஹஸ்கா பக்கத்துக் காப்பகம் 1993-இலேயே 300 கொண்டுவந்து விட்டது. ஆனால் சாதாரண முள்வேலி தாங்காது, பிடித்து ஊசி போடக் கனமான பட்டி வேண்டும். முதல் முறை வாங்குபவருக்கு இது வேண்டாம்.

இயற்கைப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்ட நிலம் மலிவாகக் கிடைக்கிறது. ஏதாவது வில்லங்கமா? (சிகாகோ)

வில்லங்கம் என்று நினைக்க வேண்டாம், ஒரு நிரந்தரக் கட்டுப்பாடு என்று புரிந்துகொள்ளுங்கள். நிலத்தைத் துண்டு போட்டு விற்கவோ உழவோ வீட்டுமனை ஆக்கவோ கூடாது என்று முந்தைய உரிமையாளர் எழுதிக் கொடுத்திருப்பார். மேய்க்கலாம், எரிக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மத்திய வனவிலங்குத் துறை 2010-இல் இந்தப் பகுதிக்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, விருப்பமுள்ள ராஞ்ச்காரர்களிடமிருந்து இப்படி உரிமைகளை வாங்கி வருகிறது. புல்லுக்காக வாங்குகிறீர்கள் என்றால் உங்களுக்கு ஏற்ற நிலம் இதுதான், விலையும் குறைவு. காற்றாலை நிறுவனம் கதவைத் தட்டினாலும் பெரும்பாலும் இந்த ஒப்பந்தமே பதில் சொல்லிவிடும். உயரமான கோபுரங்கள் ப்ரெய்ரிக் கோழியை விரட்டக்கூடும் என்ற கவலை உண்டு, அதனால் அந்தக் கதவு மூடியிருப்பதே எனக்குச் சம்மதம்.

ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் படியுங்கள். புது வீடு எங்கே கட்டலாம், எத்தனை கட்டலாம் என்பது நிலத்துக்கு நிலம் மாறும். ஒப்பந்தம் இல்லாத நிலத்தில் நீங்களே புதிதாக எழுதிக் கொடுத்தால் அமெரிக்க வருமான வரியில் கழிவு உண்டு. ஆனால் வரியை மட்டும் காட்டி ஆள் சேர்க்கும் கூட்டு முதலீட்டுத் திட்டங்களை வருமான வரித் துறை விடாமல் துரத்துகிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்த மாதத்தில் போய்ப் பார்ப்பது நல்லது? (ஆஸ்டின்)

தரகர் ஜூன் மாதம் அழைப்பார். பச்சையும் பூவும் நிறைந்து எல்லா நிலமும் அழகாகத் தெரியும் மாதம். நீங்கள் பிப்ரவரியிலும் போங்கள். புல் செம்பழுப்பாகக் காய்ந்திருக்கும்போது சீடர் மரம் ஒவ்வொன்றும் பச்சையாகத் தனித்துத் தெரியும், எண்ணிவிடலாம். வேலிக் கம்பங்கள் ஹெட்ஜ் மரமா என்று பாருங்கள், அது பல பத்தாண்டுகள் தாங்கும். செப்டம்பரில் போனால் செரிசியா லெஸ்பிடீசா என்ற களை பூத்திருக்கும். கன்சாஸ் சட்டப்படி அதை ஒழிப்பது நில உரிமையாளரின் கடமை, அதனால் அது எத்தனை ஏக்கரில் பரவியிருக்கிறது என்பதை விலை பேசும்போது கணக்கில் எடுங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் என்றால் விடியலுக்கு முன்பே குன்றின் மேல் போய்விடுங்கள். ப்ரெய்ரிக் கோழிச் சேவல்கள் கூடி முழங்குகிற ஆடுகளம் அந்த நிலத்தில் இருந்தால், பிறகு தரகர் எதுவும் சொல்லத் தேவையில்லை.