ஏரிக்கரைக் காட்டில் கூடாரம்: கேள்வி பதில்

காடும் ஏரியும் சேர்ந்த பூங்காக்களில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். விதிகள் பூங்காவுக்குப் பூங்கா மாறும். வாசலில் எழுதி வைத்திருப்பது வேறாக இருந்தால் அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: சார், தண்ணீரை ஒட்டியே டெண்ட் போட ஆசை. காலையில் ஜிப்பைத் திறந்ததும் ஏரி தெரியணும். எவ்வளவு பக்கத்தில் போடலாம்?

பதில்: ஏரி தெரியட்டும், ஆனால் 200 அடி தள்ளிப் போடுங்கள். பெரியவர் நடையில் ஏறக்குறைய 80 எட்டு. பல இடங்களில் இது விதியாகவே இருக்கிறது. இடத்தைக் குறித்துக் கொடுக்கும் பூங்கா என்றால் அவர்கள் கொடுத்த இடத்தில்தான்.

விதி ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் தூக்கத்துக்கே அதுதான் நல்லது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் போய்ப் பள்ளம் பார்த்து இறங்கும். அந்த வட்டாரத்திலேயே பெரிய பள்ளம் ஏரிதான். குளிர், ஈரம், கொசு மூன்றும் அங்கே தேங்கும். தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளின் தடமும் கரையோரமாகத்தான் போகும். பத்திருபது அடி மேடேறினாலே வித்தியாசம் தெரியும். மேலே கொஞ்சம் கிளை மூடியிருந்தால் இன்னும் நல்லது. வெட்டவெளியில் கூடாரத் துணி வானத்தைப் பார்த்து வெப்பத்தை இழந்து நனைந்துவிடும். கிளை இருந்தால் அவ்வளவு நனையாது.

அதே கிளையை அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலையில்லாமல் பட்டுப்போன கிளை, முறிந்து இன்னொன்றில் சிக்கித் தொங்கும் கிளை, அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்த மரம், இதில் எது கண்ணில் பட்டாலும் அந்த மரத்தின் உயரத்துக்காவது தள்ளிப் போங்கள். காற்றே இல்லாத இரவிலும் பட்ட கிளை விழும்.

கேள்வி: மழையே பெய்யவில்லை. காலையில் டெண்டின் உள்பக்கம் முழுக்க நீர். புது டெண்ட், ஒழுகுகிறதா?

பதில்: ஒழுகவில்லை, அது உங்கள் மூச்சு. தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் ஓரிரவில் ஒரு டம்ளருக்கு மேல் நீரை வெளியே விடுகிறார். அது குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. துணி முழுக்கச் சீராக முத்து முத்தாக இருந்தால் மூச்சு ஈரம். தையல் வரி ஓரமாகவோ ஒரே இடத்திலோ சொட்டினால்தான் ஒழுகல்; தையலுக்குப் பூசும் பசை வாங்கித் தடவ வேண்டும்.

குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. தாழ்வாக ஒன்று, உயரமாக ஒன்று என இரண்டு திறப்பாவது இருக்க வேண்டும். ஈரத் துணியை உள்ளே காயப் போடாதீர்கள். நைலான் மேலுறை பனியில் நனைந்தால் தளர்ந்து உள்துணியில் ஒட்டும். அதனால் படுக்கப் போகும் முன் கயிறுகளை இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி: டெண்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: டெண்டின் தரையைவிடச் சிறியதாக. நான்கு பக்கமும் 5 செ.மீ. உள்ளே அடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலுறையில் வழியும் மழை அதில் விழுந்து, நேராக உங்கள் முதுகுக்கு அடியில் போய்ச் சேரும்.

கேள்வி: மணல் கரையில் ஆணி நிற்கவே மாட்டேங்குது அண்ணா. ராத்திரி காத்துக்கு ரெண்டு தடவை பிடுங்கிட்டுது.

பதில்: இறுகிய மண்ணில் ஆணியின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் போதும். மணலில் அந்தக் கணக்கு எடுபடாது. ஆணியைக் குத்தாதீர்கள், புதையுங்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு தடித்த குச்சியை எடுத்து அதன் நடுவில் கயிற்றைக் கட்டுங்கள். ஓரடி ஆழத்துக்குக் குழி. கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகக் குச்சியைப் படுக்க வைத்து, மணலைத் தள்ளி மிதித்து இறுக்குங்கள். கயிறு மேலே வரும் வழியில் ஒரு சிறு சால் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு குச்சியை மேல்நோக்கித் தூக்கும். குச்சி கிடைக்காத இடத்தில் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பிப் புதைத்தாலும் நிற்கும். கிளம்பும்போது தோண்டி எடுத்துக் குழியை மூடிவிடுங்கள்.

கேள்வி: ஸ்லீப்பிங் பேக்கில் 5 டிகிரி என்று போட்டிருக்கிறது. வெளியே 8 டிகிரிதான் இருந்தது. ஆனாலும் நடுங்கினேன். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, எண்ணைப் படிப்பதில்தான் சிக்கல். உள் அட்டையில் வழக்கமாக இரண்டு எண் இருக்கும். ஒன்று சுகமாகத் தூங்கும் வெப்பநிலை. மற்றது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. வெளியே பெரிதாக அச்சிடுவது பல நேரம் இரண்டாவதைத்தான். முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் பாய் மேல். உடம்புக்கு அடியில் பையின் பஞ்சு நசுங்கிப்போவதால் அந்தப் பக்கம் அது காப்பதில்லை. தரை வெப்பத்தை உறிஞ்சும். பாயில் ஆர் மதிப்பு என்று ஒரு எண் இருக்கும்; வெப்பம் தரைக்குப் போகாமல் பாய் எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. கோடைக்கு 2 போதும். உறைநிலையை ஒட்டிய இரவுக்கு 4 வேண்டும். ஓரடி உயரக் காற்று மெத்தை பார்க்கச் சொகுசாக இருக்கும், ஆனால் உள்ளே காப்பு இல்லாவிட்டால் அதிலிருக்கும் காற்றே சுழன்று உங்களைக் குளிர வைக்கும். அதன்மேல் ஒரு நுரைப் பாயை விரித்தால் சரியாகிவிடும்.

கேள்வி: ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா? ஃபில்டர் போதுமா, கொதிக்க வைக்கணுமா?

பதில்: தெளிவு வேறு, சுத்தம் வேறு. ஜியார்டியா போன்ற கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஏரி என்றால் 3 நிமிடம். பத்து நிமிடம் கொதிக்க விடுவது எரிபொருளுக்குக் கேடு, வேறொன்றுமில்லை.

0.1 அல்லது 0.2 மைக்ரான் நுண்துளையுள்ள ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியாவையும் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. மனிதக் கழிவு கலக்க வாய்ப்புள்ள ஏரி என்றால் வடிகட்டிய நீரில் கிருமி நீக்கும் மாத்திரையையும் போடுங்கள். குளோரின் டையாக்சைடு மாத்திரைக்கு 30 நிமிடம் கொடுக்க வேண்டும். வடிகட்டாமல் மாத்திரையை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாக 4 மணி நேரம் ஆகும். ஃபில்டர் ஒருமுறை நனைந்த பிறகு உறைந்துவிட்டால் தூக்கி எறியுங்கள். உள்ளே நுண்குழல்கள் விரிந்து வெடித்திருக்கும், வெளியே எதுவும் தெரியாது. குளிர் இரவில் அதைப் பையில் போட்டு உங்களோடு படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தை எதுவும் பலிக்காத ஒன்று உண்டு: நீலப்பச்சைப் பாசி. பச்சைப் பெயின்ட் கொட்டியது போலவோ பச்சைக் கஞ்சி போலவோ தண்ணீர் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கொதிக்க வைத்தால் அதன் நஞ்சு அழியாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அந்த நீரில் குளிக்கவும் கூடாது. நாய் கூட வந்திருந்தால் கயிற்றை விடாதீர்கள். அது நீரைக் குடிக்கும், ரோமத்தை நக்கும்; உயிரே போய்விடும்.

கேள்வி: நெருப்பு மூட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன? மண்ணைப் போட்டு மூடினால் அணைந்துவிடும்தானே?

பதில்: அணையாது. மண்ணும் மணலும் கங்குக்குப் போர்வை. மேலே கை வைத்தால் ஆறியது போல இருக்கும், அடியில் மணிக்கணக்கில் கனிந்துகொண்டிருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைதான் அதை மிதிக்கும். சருகு மக்கிய மண்ணில் வேர் வழியாகவே கனன்று போய் வேறிடத்தில் தீயாகக் கிளம்பும்.

தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். உஸ் என்ற சத்தம் நின்ற பிறகு புறங்கையை முதலில் அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, பிறகு சாம்பலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூட்டில் படுக்கப் போகக் கூடாது. இதற்கு அரை மணி நேரம் ஆகும், அதைக் கணக்கில் வைத்துத்தான் கடைசி விறகைப் போட வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் நெருப்பு வளையத்தில் மட்டும் மூட்டுங்கள். மணிக்கட்டைவிடத் தடித்த விறகு வேண்டாம், அது முழுக்க எரியாது. நீர் ஓரத்திலிருந்து கல் பொறுக்கி வந்து வளையம் கட்டாதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். ஊரிலிருந்து விறகு கொண்டுவருவதும் தவறு. விறகோடு பூச்சி பயணம் செய்யும். வட அமெரிக்காவில் 2002-ல் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு இப்படியும் பரவித்தான் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது.

கேள்வி: கேஸ் அடுப்பு ராத்திரி நன்றாக எரிந்தது. விடியற்காலையில் முனகுகிறது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே கேஸ் இருக்கிறது!

பதில்: உள்ளே இருப்பது பியூட்டேனாக இருக்கும். அது கொதித்து ஆவியாவதே மைனஸ் 0.5 டிகிரியில். வெளியே அதை நெருங்கினால் டப்பாவுக்குள் அழுத்தம் இருக்காது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரையும், புரொப்பேன் மைனஸ் 42 வரையும் தாங்கும். இவை கலந்த டப்பாவாக வாங்குங்கள். இப்போதைக்கு, ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி டப்பாவின் அடியை அதில் வையுங்கள். சுடுநீர் கூடாது, தீயில் காட்டவும் கூடாது. காற்றுக்காக டப்பாவையும் சேர்த்துச் சுற்றிலும் தகடு வைத்து மறைப்பது அதைவிட ஆபத்து. வெப்பம் உள்ளே தங்கி டப்பா வெடிக்கும்.

குளிர் என்று டெண்டுக்குள் பற்ற வைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: சாப்பாட்டை இரவில் எங்கே வைப்பது?

பதில்: டெண்டுக்குள் மட்டும் வேண்டாம். பற்பசை, சோப்பு, குப்பைப் பை எல்லாமே விலங்குக்குச் சாப்பாடுதான். பூங்காவில் இரும்புப் பெட்டி இருந்தால் அதில். இல்லையென்றால் கார் டிக்கி, கரடி உள்ள காட்டில் அதற்கும் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு. மரத்தில் தொங்கவிடுவதானால் தரையிலிருந்து 12 அடி, அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளி. குரங்குகள் உள்ள காட்டில் கயிறு வேலைக்கு ஆகாது, கெட்டியான மூடி போட்ட பெட்டிதான். சமையலையும் தூங்கும் இடத்திலிருந்து 200 அடி தள்ளி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

கேள்வி: பிள்ளைகளோடு கயாக் ஓட்டலாம் என்று இருக்கிறோம். நாங்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும்.

பதில்: நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் லைஃப் ஜாக்கெட். வெயில் சுள்ளென்று அடித்தாலும் ஏரி நீர் சில்லென்று இருக்கலாம். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். அந்த நேரத்தில் தலை உள்ளே போனால் நீச்சல் தெரிந்து பயனில்லை. அடுத்து ஏறக்குறைய 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப 1 மணி நேரம் போல ஆகும். மிதந்துகொண்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரமும் உங்களுக்குக் கிடைக்கும். கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள், கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தப் போகாதீர்கள்.

ஜாக்கெட்டைப் போட்டு எல்லாப் பட்டையையும் இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது. சின்னக் குழந்தைக்குக் கால்களுக்கு இடையே வரும் பட்டை கட்டாயம்.

காற்று பெரும்பாலும் முற்பகலுக்குப் பிறகுதான் எழும், அதனால் காலையிலேயே போய்வந்துவிடுங்கள். முதலில் எதிர்க்காற்றில் துடுப்புப் போடுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். இடி கேட்டால் உடனே கரை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகும்வரை இறங்கக் கூடாது. டெண்ட் மின்னலைத் தடுக்காது, காருக்குள் போய் உட்காருங்கள்.

கேள்வி: ஏரியில் குளித்துவிட்டு வந்த மறுநாள் கால் முழுக்கச் சிவப்புப் பொரி, ஒரே அரிப்பு. என்ன இது?

பதில்: நீர்ப்பறவைக்கும் நத்தைக்கும் இடையே வாழும் ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சு வழிதவறி உங்கள் தோலில் நுழைந்திருக்கலாம். மனித உடலில் பிழைக்காது, அங்கேயே செத்துவிடும். அரிப்பு ஒரு வாரம்போல இருக்கும். சொறிந்து புண்ணாக்காமல் ஈரத்துணி வையுங்கள். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை செடி அடர்ந்த ஆழமில்லாத ஓரத்தைத் தவிர்த்துவிட்டு, நீரை விட்டு ஏறியதும் துண்டால் அழுத்தித் துடையுங்கள். குளிக்கும் இடத்தில் வாத்துக்குத் தீனி போடுவது இந்தப் புழுவுக்கு அழைப்பு வைப்பது போல.

கேள்வி: உண்ணி கடித்தால் எண்ணெய் வைத்தால் விழுந்துவிடுமாமே?

பதில்: எண்ணெய் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். வராமல் இருக்க 20 முதல் 30 சதவீத டீட் அல்லது 20 சதவீத பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டியைத் தடவலாம், சன்ஸ்கிரீனுக்குப் பிறகு. டீட் பிளாஸ்டிக்கை உருக்கும், வாட்சும் மூக்குக்கண்ணாடியும் பத்திரம்.

கேள்வி: கழிப்பறை இல்லாத பகுதியில் என்ன செய்வது? மக்கும் சோப்பு என்று போட்டிருந்தால் ஏரியில் பாத்திரம் கழுவலாமா?

பதில்: நீர், நடைபாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி. தோண்டிய மண்ணாலேயே மூடுங்கள், காகிதத்தைப் பையில் திரும்ப எடுத்து வாருங்கள். மக்கும் சோப்பு மக்குவது மண்ணில்தான். ஏரியில் அதுவும் கேடுதான். நீரை மொண்டு தள்ளிக் கொண்டுபோய்க் கழுவி, மண்ணில் பரவலாக வீசுங்கள்.

கேள்வி: ராத்திரி அக்கரையில் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கிறதே?

பதில்: நீரின் மேலுள்ள குளிர்ந்த காற்று ஒலியை மேலே போகவிடாமல் வளைத்துக் கீழே தள்ளுகிறது. நீங்கள் பேசுவதும் அக்கரைக்கு அப்படித்தான் கேட்கிறது, பார்த்துப் பேசுங்கள்.

கேள்வி: ஈரமாகவே டெண்டைச் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டேன். எத்தனை நாளில் காயப் போட வேண்டும்?

பதில்: நாள் கணக்கு இல்லை, வந்த அன்றே. ஓரிரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அந்தக் கறை போகாது. துணியின் உள்பூச்சும் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து பிசுபிசுக்கும்; அப்படியானால் அந்த டெண்ட் முடிந்த மாதிரிதான். நிழலில் விரித்து, மூலைகளும் தையலும் காயும்வரை விடுங்கள். கடும் வெயிலில் நாள்கணக்கில் போட்டால் துணி நைந்துவிடும். சலவை இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஜிப்பில் சிக்கிய மணலைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். ஜிப் பல் தேய்வது அந்த மணலால்தான்.